வளர்ப்புக் குடும்பம்: மதுரைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், மாநகராட்சி வார்டு என்று எங்கே கூட்டம் போட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேட்பவை கொஞ்சம். முடிந்தபிறகு டீ டம்ளரோடு ஓரமாக வந்து மெதுவாகக் கேட்பவைதான் அதிகம். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் அரசு ஊழியர் இல்லை. வளர்ப்புக் குடும்பங்களைத் தேடுவதிலும், கிடைத்த குடும்பத்தோடு கூட நிற்பதிலும் கைகொடுக்கும் தன்னார்வலர். உதாரணமாகச் சொல்லும் வீடுகளின் ஊர், வயது, அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன? தத்து எடுப்பதுதானே?

இல்லை. நம் ஊரில் இரண்டுக்கும் 'எடுத்து வளர்க்கிறது' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. தத்து எடுத்தால் சட்டப்படி அது உங்கள் பிள்ளை. இனிஷியல் மாறும், சொத்தில் பங்கு உண்டு, பெற்றவர்களோடு சட்ட உறவு முடிந்துவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி எதுவும் மாறாது. பிள்ளையின் அம்மா அப்பா யாரோ அவர்களேதான் அம்மா அப்பா. அவர்களால் இப்போது பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதால், முடிகிற வரைக்கும் உங்கள் வீட்டில் இருக்கும். 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. உத்தரவு போடுவது அதே சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழு. ஒரு வருடம் வரைக்கும் என்றால் குறுகிய காலம். அதற்கு மேல் போனால் நீண்ட காலம், அதிகபட்சம் 18 வயது வரை.

திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தே வளர்ப்பது இது. கூட்டத்தில் இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டதும் நாலு பேர் எழுந்து போவார்கள். போகட்டும், பிறகு போவதைவிட அது நல்லது.

அதுதான் ஹோம் இருக்கிறதே, எதற்கு ஒரு வீடு?

ஹோமை, அதாவது குழந்தைகள் காப்பகத்தைக் குறை சொல்ல வரவில்லை. பல இடங்களில் நல்ல சோறு, நல்ல படிப்பு கிடைக்கிறது. ஆனால் நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காரணம் புரிய ஒரு பையனைச் சொல்கிறேன். பத்து வருடம் ஹோமில் இருந்துவிட்டு 18 முடிந்து வெளியே வந்தான். படிப்பில் கெட்டி. அரைக் கிலோ தக்காளி வாங்கத் தெரியாது. காலியான சிலிண்டரை எப்படி மாற்றுவது என்று தெரியாது. எல்லாவற்றையும்விட, வீட்டில் சண்டை நடந்தால் மறுநாள் காலையில் யார் முதலில் பேசுவார்கள், எப்படிப் பேச ஆரம்பிப்பார்கள் என்பதை அவன் பார்த்ததே இல்லை. இதையெல்லாம் வகுப்பு வைத்துச் சொல்லித்தர முடியாது.

எப்படிப்பட்ட பிள்ளைகள் வருவார்கள்?

பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள். அம்மா பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் சிகிச்சையில் இருப்பார். அப்பா ஜெயிலில் இருப்பார். பெற்றவர்களில் ஒருவருக்கு மனநோய் இருக்கும். வீட்டிலேயே அடி, அதைவிட மோசமான கொடுமை நடந்திருக்கும். வருடக்கணக்கில் ஹோமில் இருந்து, பார்க்க ஒருவரும் வராத பிள்ளைகளும் உண்டு. தத்துக்குத் தகுதி பெற்றும், வயது கூடிவிட்டதாலோ உடல்குறை இருப்பதாலோ யாரும் எடுக்காத பிள்ளைகளும் உண்டு.

கைக்குழந்தை வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்கு: அது இந்த வழி இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கு வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தத் தொட்டில் நினைவிருக்கும். அப்படி வரும் குழந்தைகள் தத்துக்குத்தான் போவார்கள்.

அக்கா இறந்துபோனார். அவருடைய பிள்ளையை நாங்கள்தான் வளர்க்கிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

அக்கா பிள்ளையை மாமன் வளர்ப்பதும், அப்பத்தாவோ அம்மாச்சியோ பேரன் பேத்தியைக் கரையேற்றுவதும் நம் பக்கம் புதிதில்லை. யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை, உதவியும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம். உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரில்லாப் பிள்ளைக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கேட்டு விண்ணப்பிக்க முடியும். குடும்ப வருமானம் கிராமத்தில் வருடத்துக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

இதற்குக் கூச்சப்பட வேண்டாம். 'சொந்த அக்கா பிள்ளைக்குக் காசு வாங்குறதா' என்று ஒரு மாமா என்னிடம் கோபித்துக்கொண்டார். அந்தக் காசு அவருக்கு இல்லை, பிள்ளைக்கு என்று சொன்னதும் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

யார் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம்? சொந்த வீடு இருக்க வேண்டுமா?

சொந்த வீடு தேவையில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். உடல்நலமும் மனநலமும் சரியாக இருக்க வேண்டும். குற்ற வழக்கு இருக்கக் கூடாது. ஒரு பிள்ளையைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வருமானம் வேண்டும். கணவன் மனைவி என்றால் இருவருக்கும் சம்மதம் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வருடமாவது நிலையான மணவாழ்க்கை நடத்தியிருக்க வேண்டும்.

சட்டம் கேட்காத ஒன்றை நான் கேட்பேன்: வீட்டில் மாமியார் இருக்கிறாரா, அவர் என்ன சொல்கிறார்? பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்கப்போவது அவர்தான்.

கல்யாணம் ஆகாதவர், கணவரை இழந்தவர் செய்யலாமா?

செய்யலாம். 2024இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி 35 வயது நிரம்பிய தனிநபர்களுக்கும் இடம் உண்டு. பெண் என்றால் ஆண் குழந்தை, பெண் குழந்தை இருவரையும் வளர்க்கலாம். ஆண் என்றால் ஆண் குழந்தையை மட்டும்.

பணம் தருவார்களா?

ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், மிஷன் வாத்சல்யா திட்டத்தில். சாப்பாடு, துணி, நோட்டுப் புத்தகம், பஸ் செலவு எல்லாம் போக மிச்சம் பிடிக்க முடியாது. கைக்காசும் போடவேண்டி வரும். கோப்பு நகர்ந்து முதல் தவணை வரத் தாமதமாகலாம். ஆகவே இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பணத்துக்காகச் செய்கிறார்கள் என்று தெருவில் ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெருவுக்குக் காட்ட இல்லை, ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்ட.

எங்கே போய்ச் சொல்ல வேண்டும்? எவ்வளவு நாள் ஆகும்?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். விண்ணப்பம் கொடுத்தபின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். வீடு பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்க வருகிறார் என நினைத்து வெள்ளையடித்தவர்களும் உண்டு. அவர் பார்ப்பது வேறு: பிள்ளை எங்கே படுக்கும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, யார் யார் வந்து போகிறார்கள், குடிப்பழக்கம் இருக்கிறதா, உங்கள் பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார். கோபப்படாதீர்கள்.

அதன்பிறகு எந்தப் பிள்ளைக்கு இந்த வீடு பொருந்தும் என்று பார்ப்பார்கள். பிள்ளையிடமும் கேட்பார்கள். கடைசியில் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போடும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அமர்வு அது. மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. பிள்ளை வந்த பிறகும் மாதம் ஒருமுறை ஆய்வு நடக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை நாள் என்று கணக்காகச் சொல்ல முடியாது, அவசரம் வேண்டாம். பொருத்தம் பார்க்காமல் அனுப்பி, ஒரே மாதத்தில் பிள்ளை திரும்பி வருவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

தெரிந்தவர் மூலமாக ஒரு குழந்தை இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். முதலில் எடுத்துவிட்டு அப்புறம் எழுதிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. 2021இல் இதே மதுரையில், ஒரு காப்பகத்திலிருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டிவிட்டு, அந்தக் குழந்தையைப் பணத்துக்கு விற்றது வெளியே வந்தது. வாங்கியவர்களும் வழக்கில் சிக்கினார்கள். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அனாதையாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டியது சட்டப்படி நம் கடமை. 'பாவம், நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்' என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வது அன்பாகத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளையை எங்கேயோ ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கலாம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைகளை நினைத்துப்பாருங்கள், புரியும்.

பிள்ளை என்ன சாதி என்று கேட்கலாமா?

ஓரமாக வந்து கேட்கும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். சிலர் நேராகக் கேட்பதில்லை. 'எந்த ஊர்ப் பிள்ளை?', 'குலசாமி எங்கே?' என்று சுற்றி வருவார்கள். நானும் மதுரைக்காரன்தான், எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியாதா?

பிள்ளையின் மொழி, மதம், உணவுப் பழக்கம் இவற்றை அதிகாரிகளே கவனித்துத்தான் பொருத்தம் பார்ப்பார்கள். மாட்டுக்கறி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளையைச் சுத்த சைவ வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அது பிள்ளைக்குத்தான் கஷ்டம். அது நியாயமான அக்கறை. ஆனால் 'அந்தச் சாதி என்றால் வேண்டாம்' என்பவருக்கு நான் சொல்லும் பதில்: உங்களுக்கு இது சரிப்படாது. நாளைக்கு அந்தப் பிள்ளை எதையாவது கொட்டிக் கவிழ்த்தால் உங்கள் வாயில் முதலில் வரும் வார்த்தை எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லி இரண்டு பேரின் நட்பை இழந்திருக்கிறேன்.

பிள்ளையின் பெயரையோ மதத்தையோ மாற்றும் உரிமை வளர்ப்புக் குடும்பத்துக்குக் கிடையாது. நீங்கள் செல்லமாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவதைக்கூடப் பிள்ளையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பெற்றவர்கள் வந்து பார்ப்பார்களா? வந்தால் நாங்கள் என்ன செய்வது?

குழு அனுமதித்தால் வருவார்கள். பிள்ளைக்குக் கெடுதல் என்று குழு நினைத்தால் காரணத்தை எழுதிவைத்துத் தடுக்கும். பெரும்பாலான வளர்ப்பு அம்மாக்களுக்கு இதுதான் கசப்பான நாள். 'மாதம் முழுக்க நான் பார்க்கிறேன், அவள் ஒரு பாக்கெட் மிக்சர் வாங்கிட்டு வந்தா பிள்ளை அவள் மடியில போய் உட்கார்ந்துக்குது' என்று ஒருவர் அழுதார். அழுதுவிட்டு, அடுத்த முறை வந்தவருக்குச் சாப்பாடு போட்டார். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. வந்தவரைப் பிள்ளை முன்னால் தாழ்த்திப் பேசாமல் இருந்தால் போதும். அம்மாவைத் திட்டினால் தன்னைத் திட்டியதாகத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

வந்தவர் குடித்திருந்தால் வாசலோடு நிறுத்திவிட்டு உடனே சமூகப் பணியாளருக்குப் போன் போடுங்கள்.

காதுகுத்து, மொட்டை, சடங்கு எல்லாம் நாங்கள் வைக்கலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துச் செய்வது. அந்த மாமன் எங்கேயோ இருக்கலாம். ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தலையெல்லாம் பேன் என்று முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த முடி குலசாமிக்கு நேர்ந்து வளர்த்தது. அடுத்த வாரம் பார்க்க வந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஆன காயம் ஆற நாலு மாதம் பிடித்தது. சீப்பும் பேன் மருந்தும் நாலு நாள் பொறுமையும் போதுமாக இருந்திருக்கும். முடி, காது, பூணூல், ஞானஸ்நானம், சுன்னத்து, எதுவானாலும் கேட்காமல் தொடாதீர்கள்.

பெண் பெரியவளானால்? வீட்டோடு உளுந்தங்களி, நல்லெண்ணெய், புதுப் பாவாடை, போதும். பெற்றவர்கள் வர முடிந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து ஃப்ளெக்ஸ் வேண்டாம். நம் ஊரில் எதற்குத்தான் ஃப்ளெக்ஸ் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். வாட்ஸாப் ஸ்டேட்டஸும் இதில் சேரும்.

எங்கள் சொந்தப் பிள்ளைகள் ஏங்கிப்போக மாட்டார்களா?

ஏங்குவார்கள். முன்கூட்டியே பேசுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் தள்ளிப்போடுங்கள். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே கடையில், ஒரே விலையில் துணி எடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது சொந்தப் பிள்ளையோடு மட்டும் இருங்கள்.

பள்ளியில் சேர்க்க டிசி இல்லையே?

எட்டாம் வகுப்பு வரை டிசி இல்லை என்று சொல்லி மறுக்க முடியாது; கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குழுவின் உத்தரவு நகலைக் கொண்டுபோங்கள். அரசுப் பள்ளி என்றால் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் கிடைக்கும். அந்தத் திட்டமே 2022 செப்டம்பரில் நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் விவரம் தெரிந்தால் போதும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் 'இது ஹோம் பிள்ளை' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வருடம் போச்சு.

பிள்ளை பொய் சொல்கிறது, திருடுகிறது, படுக்கையை நனைக்கிறது. என்ன செய்வது?

விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மூணு வாரம். அதுவரைக்கும் விருந்தாளி மாதிரி இருப்பார்கள், சொன்னதைக் கேட்பார்கள், நீங்களும் 'இவ்வளவு நல்ல பிள்ளையா' என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். அதன்பிறகு ஆரம்பிக்கும். நீங்களும் என்னை விட்டுவிடுவீர்களா என்று அவர்கள் சோதிப்பது அது. வார்த்தையால் கேட்கத் தெரியாது. தட்டைத் தூக்கி எறிந்து கேட்பார்கள்.

தலையணைக்கு அடியில் இட்லி ஒளித்து வைத்த பையனை எனக்குத் தெரியும். எறும்பு வந்துதான் கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டு அம்மா திட்டவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, 'இது உன்னுது, எப்ப வேணும்னாலும் எடுத்துக்க, தீர்ந்தா நான் போட்டுவைப்பேன்' என்றார். முதல் வாரம் தினமும் டப்பா காலி. ஒன்றரை மாதம் கழித்து டப்பாவை அவனே மறந்துவிட்டான்.

படுக்கை நனைந்தால் ரப்பர் விரிப்பு போடுங்கள், மறுநாள் சத்தமில்லாமல் துவையுங்கள், மொட்டை மாடியில் ஊர் பார்க்கக் காயப்போடாதீர்கள். அடிக்கக் கூடாது. 'எங்களை அடிச்சு வளர்க்கலையா?' என்று கேட்பவர்களுக்கு: உங்களை அடித்த கை சோறும் ஊட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு அடித்த கை மட்டும்தான் தெரியும்.

சில பிள்ளைகளுக்கு உங்கள் பொறுமை மட்டும் போதாது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, தூக்கத்தில் அலறுவது, சாப்பிடாமலே இருப்பது என்றால் ஆலோசகரைக் கேளுங்கள். தாமதிக்க வேண்டாம்.

எங்களால் முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் ஒரு ராத்திரியில் முடிவெடுத்துக் காலையில் ஆட்டோ ஏற்றிவிடக் கூடாது. முதலில் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். பாதிச் சமயம், நாலு நாள் தூக்கம் கிடைத்தால் சரியாகிற சோர்வாகத்தான் அது இருக்கும்.

பிடித்துப்போனால் பிற்பாடு தத்து எடுக்கலாமா?

பிள்ளை சட்டப்படி தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்கப்பட்டிருந்தால் வாய்ப்பு உண்டு. முன்பு ஐந்து வருடம் வளர்த்திருக்க வேண்டும். 2024 வழிகாட்டுதல் அதை இரண்டு வருடமாகக் குறைத்திருக்கிறது. அதையே மனதில் வைத்துத் தொடங்காதீர்கள்.

எங்கள் பகுதியிலும் குடும்பங்களைத் திரட்ட நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

நாங்கள் செய்த தப்பிலிருந்து சொல்கிறேன். முதலில் நோட்டீஸ் அடித்தோம். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், டவுன் ஹால் ரோடு எல்லா இடத்திலும் கொடுத்தோம். போன் வந்தது; கேட்டவர்களில் பாதிப்பேர் கைக்குழந்தை கேட்டார்கள், ஒருவர் எவ்வளவு கமிஷன் என்று கேட்டார். நோட்டீஸில் அழுகிற குழந்தையின் படம் போட்டிருந்தோம். இரக்கத்தில் வருபவர் இரக்கம் தீர்ந்ததும் போய்விடுவார் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஆட்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு நாங்கள் போனோம். மகளிர் குழுக் கூட்டம்தான் முதலிடம். குழுக் கடன் வாங்கி, கட்டி, வருடக்கணக்கில் பழகியவர்கள் ஒருவரையொருவர் அளந்து வைத்திருப்பார்கள். 'அந்த அக்கா செய்வாங்க, இவங்க வேண்டாம்' என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்த விசாரணையும் அதற்கு ஈடாகாது. அடுத்து அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பிள்ளைகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டு வீடு வெறிச்சென்று இருக்கும் ஐம்பது வயதுத் தம்பதிகள். பள்ளி மேலாண்மைக் குழு. கோவில், சர்ச், ஜமாஅத் எதையும் விட வேண்டாம். ஆனால் பேசும்போது புண்ணியத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தால் யாரும் வர மாட்டார்கள், கறிக்கடையில் நிற்பார்கள். கூட்டத்தில் அதிகாரி பேசுவதைவிட, ஏற்கெனவே வளர்க்கும் ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும். நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இட்லி, எறும்பு கதையைச் சொன்ன அம்மாவைப் பார்த்துத்தான் அவர் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடு வந்தது. அடுத்த ஊரில் கூட்டம் போடுவதைவிட, ஒரே தெருவில், ஒரே ஊரில் இரண்டு மூன்று வீடு அமைவது மேல். காய்ச்சல் ராத்திரியில் கதவைத் தட்ட ஆள் இருக்கும்.

விருப்பம் சொன்னவரை ஒரு வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் அவர் வீட்டில் வேறு யோசனை வந்திருக்கும்.

வருபவர்களில் யாரை வேண்டாம் என்பது?

முடிவெடுப்பது அதிகாரிகள். நமக்குச் சந்தேகம் வந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 'பதினாலு வயசுப் பொண்ணு இருந்தா நல்லது, கடையில கூடமாட இருக்கும்' என்றால் அங்கேயே முடிந்தது. வீட்டு வேலை செய்வது வேறு, வேலைக்கு ஆள் பிடிப்பது வேறு. இங்கிருந்து வெளி மாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் போய் அடிமைப்பட்ட சிறுவர்களின் கதை நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். சமீபத்தில் சொந்தப் பிள்ளையை இழந்தவர்கள் வருவார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். போனவரின் சட்டையை இந்தப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. தனக்குச் சம்மதம், வீட்டுக்காரர் அப்புறம் சம்மதிப்பார் என்பவர் பிறகு வரட்டும்.

சேர்ந்த குடும்பங்களை எப்படித் தாங்குவது?

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், நாங்களும் விட்டோம். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, போட்டோ எடுத்துவிட்டு (எடுக்கவே கூடாது, அது வேறு), அடுத்த வீட்டைத் தேடப் போய்விட்டோம். ஆறு மாதத்தில் ஒரு வீடு கைவிட்டது. அந்த அம்மா சொன்னது: 'பிள்ளையால இல்ல தம்பி. கேக்க ஆளில்லாமப் போச்சு.'

இப்போது செய்வது இதுதான். முதல் வாரம் தினமும் ஒரு போன். 'பிள்ளை எப்படி?' என்று மட்டும் கேட்கக் கூடாது, 'நீங்க தூங்குனீங்களா?' என்றும் கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். நாங்கள் எதுவும் பேசுவதில்லை, பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். பிள்ளைகள் ஒரு பக்கம் விளையாடும். தன்னைப்போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிவதே அவர்களுக்குப் பெரிய ஆறுதல். சொந்தத்தில் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று வந்தால் இரண்டு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வேறொரு வளர்ப்பு வீட்டை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு ஏற்பாடு செய்வோம். பணம் வந்ததா, வரவில்லையா என்று கேட்டு, வராவிட்டால் நாங்கள் போய் நிற்போம். குடும்பத்தை அலைய விடுவதில்லை. கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் சம்பளம்.

பிள்ளை திரும்பிப் போகும்போது எப்படித் தாங்குவது?

தேதி தெரிந்ததும் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். போகும்போது அதன் துணி, விளையாட்டுச் சாமான், பரிசாக வாங்கிய பேனா வரைக்கும் எல்லாம் கூடவே போகட்டும், கட்டைப்பையில் திணித்து இல்லை, நல்ல பையில். என்ன பிடிக்கும், எந்தப் பக்கம் படுக்கும், எந்த மாத்திரை ஒத்துக்காது என்று பெற்றவருக்கு ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். ஒரு வளர்ப்பு அம்மா தன் ரசப்பொடியையும் ஒரு பாட்டிலில் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். உங்கள் சொந்தப் பிள்ளையும் அழும். அதற்கு அது தம்பி போன மாதிரி. அடுத்த பிள்ளையை உடனே கேட்காதீர்கள், நாங்களும் உடனே கேட்க மாட்டோம்.

பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள எங்களால் முடியாது. வேறு உதவி?

நிறைய. பக்கத்தில் வளர்ப்புக் குடும்பம் இருந்தால் டியூஷன் சொல்லிக்கொடுக்கலாம், ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போகலாம். பழைய துணி மட்டும் வேண்டாம். கேரளத்தில் பள்ளி விடுமுறைக்கு மட்டும் ஹோம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப்போகும் முறை நடக்கிறது. இங்கேயும் வர வேண்டும் என்பது என் ஆசை.

முதல் நாள் ராத்திரி என்ன செய்ய வேண்டும்?

சொந்தபந்தத்தைக் கூப்பிடாதீர்கள். பிரியாணி வேண்டாம், பழக்கமான சோறு, ரசம், ஒரு முட்டை. எது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்: கழிப்பறை, தண்ணீர்க் குடம், லைட் சுவிட்ச். நாயை அவிழ்த்து விடாதீர்கள். 'அம்மான்னு கூப்பிடு' என்று சொல்ல வேண்டாம், அத்தை என்றோ அக்கா என்றோ அதுவே கூப்பிடட்டும், எதுவுமே கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. பையைப் பிடுங்கி அலமாரியில் அடுக்காதீர்கள். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கினால் தூங்கட்டும். கூடத்து லைட் ஒன்று விடியும்வரை எரியட்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். தண்ணீர் மட்டும் கொடுங்கள்.